மதுரையில் சுஷி ஏன் சப்பென்று இருக்கிறது?

மதுரையில் பெரிய ஓட்டலுக்குப் போய், சோற்றோடு பச்சை மீன் சேர்த்த ஜப்பானியப் பண்டமான சுஷியைச் சாப்பிட்டு வந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். "பச்சை மீனை எப்படிப்பா திங்கிறது" என்ற பேச்சு இப்போது குறைந்துவிட்டது. சிங்கப்பூர், பெங்களூரு என்று வேலைக்குப் போய் வந்த பிள்ளைகள் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். பச்சை மீன் யாரையும் அவ்வளவாக மிரட்டுவதில்லை. கிடைக்கிற பதில் வேறு மாதிரி இருக்கும்: "மோசம்னு சொல்ல முடியாது. ஆனா சப்புனு இருந்துச்சு. பில்லுலதான் காரம்."

இதற்குச் சாப்பிட்டவர்களே இரண்டு விளக்கம் வைத்திருக்கிறார்கள். நம் நாக்கு மசாலாவுக்குப் பழகியது, அதற்கு இதெல்லாம் பிடிபடாது என்பது ஒன்று. கடல் இல்லாத ஊரில் மீன் எப்படி நன்றாக இருக்கும் என்பது இன்னொன்று. முதலாவது எனக்குக் கொஞ்சமும் ஒப்பவில்லை. காசையும் கொடுத்துவிட்டுப் பழியையும் தன் தலையிலேயே போட்டுக்கொள்கிற வேலை அது. அயிரை மீன் குழம்பில் புளி கொஞ்சம் தூக்கலானாலே முகம் சுளிக்கிறவர்களுக்கு ருசி தெரியாது என்று யாராவது சொன்னால் அவர் மதுரையில் சாப்பிட்டதில்லை என்று அர்த்தம். இரண்டாவது விளக்கத்தில் பாதி உண்மை உண்டு, அதற்கு அப்புறம் வருகிறேன். ஆனால் முதல் குற்றவாளி மீன் அல்ல. மீனுக்கு அடியில் இருக்கும் சோறு.

சுஷிக்குப் போடுவது குட்டையான, உருண்ட ஜபோனிகா அரிசி. நம் பொன்னி இண்டிகா வகை. அரிசியின் மாவுச்சத்தில் அமைலோஸ், அமைலோபெக்டின் என்று இரண்டு பொருள்கள் இருக்கின்றன. அமைலோஸ் கூடுதலாக இருந்தால் சோறு பொலபொலவென்று உதிரும், குறைவாக இருந்தால் ஒட்டும். ஜபோனிகாவில் அமைலோஸ் சுமார் 15 முதல் 20 சதவீதம். நாம் அன்றாடம் உண்ணும் அரிசியில் பெரும்பாலும் அதைவிட அதிகம். குழம்பை ஊற்றிப் பிசைய நமக்கு உதிரும் சோறு வேண்டும். கையில் பிடித்து உருவம் கொடுக்க அவர்களுக்கு ஒட்டும் சோறு வேண்டும். ஒட்ட வேண்டும் என்றால் குழைந்திருக்க வேண்டும் என்று பொருளில்லை. பருக்கை பருக்கையாகத் தெரியவும் வேண்டும், ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளவும் வேண்டும்.

வெந்த சோற்றை அகலமான மரத் தொட்டியில் கொட்டி, சூடு இருக்கும்போதே அரிசி வினிகர், சர்க்கரை, உப்பு கலந்த கரைசலைத் தெளித்து, பருக்கை நசுங்காமல் கரண்டியால் வெட்டினாற்போலக் கிளறி, விசிறி ஆற்றுவார்கள். பரிமாறும் நேரத்தில் சோறு உடம்புச் சூட்டில் இருக்க வேண்டும். மேலே இருக்கும் மீன் அதைவிடக் குளுமையாக இருக்கலாம். கையில் எடுக்கும்போது துண்டு உடையக் கூடாது, நாக்கில் பட்டதும் சோறு தானாகப் பிரிய வேண்டும். நல்ல சுஷிக் கடையில் புதிதாகச் சேரும் பையனை மீனைத் தொடவிடாமல் ஆண்டுக்கணக்கில் சோற்றுப் பக்கமே நிறுத்திவைக்கிற வழக்கம் இதனால்தான்.

இங்கே நான் பார்த்த ஒரு தட்டைச் சொல்கிறேன். ஓட்டல் பெயர் வேண்டாம். கறுப்புக் கல் பலகை, ஓரத்தில் ஒரு கிண்ணத்திலிருந்து உலர்பனிக்கட்டிப் புகை, எட்டுத் துண்டு ரோல், குறுக்கே ஆரஞ்சு நிற மேயோ கோடுகள். விலை 800 ரூபாய்க்கு மேல். ஒரு துண்டைக் கவிழ்த்துப் பார்த்தேன். சோற்றுப் பருக்கையில் இருக்க வேண்டிய மினுமினுப்பு இல்லை, ஓரமெல்லாம் மங்கலான வெள்ளை. விரலால் அழுத்தினால் நசுங்கவில்லை, விண்டது. கடித்தபோது பருக்கையின் நடுவில் நறுக்கென்றது. சுற்றியிருந்த நோரி என்ற கடற்பாசித் தாள் நமுத்துப்போய், பல்லால் இழுத்துத்தான் பிய்க்க வேண்டியிருந்தது. கூட வந்திருந்த மச்சான் ஒரு துண்டை மென்றுவிட்டு, "என்ன மாப்ள, நேத்துச் சோறா இது?" என்றார். பரிமாறிய தம்பிக்கு அது காதில் விழுந்துவிட்டது. "இல்ல சார், இன்னைக்குக் காலைல போட்டதுதான். ஹைஜீனுக்காக ஃபிரிட்ஜ்ல வச்சுருவோம்" என்றான்.

அவன் பொய் சொல்லவில்லை. கோளாறு முழுக்க அந்தப் பதிலுக்குள்ளேயே இருக்கிறது.

வெந்த சோறு ஆறும்போது, தண்ணீரில் ஊறி இளகியிருந்த மாவுச்சத்து மூலக்கூறுகள் திரும்பவும் நெருங்கி அடுக்கிக்கொள்கின்றன. சோறு விறைக்கிறது. இது எந்த ஆறிய சோற்றிலும் நடப்பதுதான், ஆனால் மிக வேகமாக நடப்பது உறைநிலைக்குச் சற்று மேலே, அதாவது ஃபிரிட்ஜின் சாதாரணத் தட்டில் இருக்கும் குளிரில். சோற்றைக் கெடுக்க அதைவிடப் பொருத்தமான இடம் சமையலறையில் கிடையாது.

அப்படியானால் ஏன் வைக்கிறார்கள்? பயம்தான் காரணம். அந்தப் பயம் நியாயமானதும்கூட. பேசிலஸ் சீரியஸ் என்ற நுண்ணுயிரியின் வித்துகள் சோறு வேகும் சூட்டையும் தாங்கும். வெதுவெதுப்பான இடத்தில் மணிக்கணக்கில் சோற்றை வைத்தால் அவை முளைத்து நஞ்சைக் கக்கும், வாந்தி எடுக்க வைக்கும். மதுரைச் சித்திரை வெயிலில் இதை அலட்சியப்படுத்த முடியாது. ஆனால் சுஷிச் சோற்றில் வினிகர் ருசிக்காக மட்டும் இல்லை. சோற்றின் அமிலத்தன்மை போதுமான அளவு ஏறினால், அதாவது பிஎச் 4.6க்குக் கீழே இறங்கினால், அந்த நுண்ணுயிரி வளர முடியாது. வெளிநாடுகளில் உணவுத்துறை ஆய்வாளர்கள் சுஷிக் கடைகளில் சோற்றின் பிஎச் அளவைக் கேட்பது இதற்காகத்தான். வினிகரைச் சரியாகச் சேர்த்து அளந்து பார்த்த சோறு அன்றைய பொழுதுக்கு வெளியிலேயே இருக்கலாம். புளிக்குதே என்று ஆட்கள் சொல்வார்களோ என்று வினிகரைக் குறைத்தால் ஃபிரிட்ஜைத் தவிர வேறு வழியில்லை. ருசியும் போயிற்று, பதமும் போயிற்று.

ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இன்னொரு காரணம் இருக்கிறது: கூட்டம். மதுரையில் ஒரு பரோட்டா கடை எப்படி ஓடுகிறது? கல்லில் வெந்து, தட்டி உதிர்த்த நிமிஷத்தில் இலைக்கு வருகிறது. அதை அப்படிக் கொடுக்க முடிவது மாஸ்டரின் கைத்திறமையால் மட்டும் இல்லை, வாசலில் நிற்கும் கூட்டத்தாலும்தான். ஆள் இல்லாத மத்தியானத்தில் அதே மாஸ்டர் போட்ட பரோட்டாவும் தோல்தான். சுஷிக்கும் அதே கணக்கு. ருசி இறங்காமலிருக்க ஒரு பானைச் சோறு இரண்டு மணி நேரத்துக்குள் விற்றுத் தீர வேண்டும், அதற்குள் தீருமளவுக்கு ஆட்கள் வர வேண்டும். முப்பது பக்க மெனுவில் தாய் கறி, சீன நூடுல்ஸ், தந்தூரி எல்லாம் போட்டு, நடுவில் ஒரு பக்கம் சுஷி வைத்திருக்கும் ஓட்டலில் ஒரு ராத்திரிக்கு எத்தனை மேசை சுஷி கேட்கும்? சாயங்காலமே ரோலைச் சுற்றி, பிளாஸ்டிக் தாளில் பொதிந்து அடுக்கிவிடுகிறார்கள். ஆர்டர் வந்தால் வெட்டி, மேயோ கோடு போட்டு அனுப்ப வேண்டியதுதான்.

இதில் சமையல்காரரைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை. சுஷி கவுண்டர் என்று தனியாக இல்லாத இடத்தில் அவர்தான் மோமோவும் பிடிக்கிறார், ஃபிரைட் ரைஸும் புரட்டுகிறார்.

சரி, மீனுக்கு வருவோம். மதுரைக்குத் தூத்துக்குடி சுமார் 150 கிலோமீட்டர், ராமேஸ்வரம் 170 கிலோமீட்டர். கரிமேடு என்றாலே மீன் நினைவுக்கு வரும் ஊர் இது. கடல் இல்லை என்பதற்காக மீன் சரியில்லை என்று சொல்வது கொஞ்சம் அவசரம். அதைவிட, சுஷிக்கு அன்று பிடித்த மீன்தான் வேண்டும் என்ற எண்ணமே சரியில்லை.

பச்சையாகச் சாப்பிடும் கடல் மீனில் அனிசாகிஸ் என்ற புழு இருக்கக்கூடும். அதைக் கொல்ல உறைய வைக்க வேண்டும். பச்சையாகப் பரிமாறும் மீனை மைனஸ் 20 டிகிரியில் 7 நாள் வைக்க வேண்டும், அல்லது இன்னும் கடுங்குளிரில் குறைந்த நேரம் வைக்க வேண்டும் என்பது அமெரிக்க உணவுத்துறையின் கணக்கு. சூரை மீன் வகைகளில் பெரியவற்றை ஜப்பானியக் கப்பல்கள் நடுக்கடலிலேயே மைனஸ் 60 டிகிரிக்குக் கொண்டுபோய்விடும், அந்தக் குளிரில்தான் சதையின் சிவப்பு கறுக்காமல் நிற்கும். டோக்கியோவின் நல்ல கடைகளிலும் உறைந்த மீன் சகஜம். சில மீன்களைப் பிடித்த அன்று பரிமாறவே மாட்டார்கள். மீன் செத்த பிறகு தசையில் இருக்கும் ஏடிபி என்ற ஆற்றல் தரும் பொருள் சிதைந்து ஐனோசினேட் என்ற சுவைப்பொருள் சேர்கிறது, அதற்காகச் சில நாள் பக்குவமாகக் குளிரில் வைத்துத்தான் வெட்டுவார்கள். உயிரோடு துள்ளும் அயிரையைப் படியில் அளந்து வாங்கி வரும் நமக்கு இது வினோதமாகப்படும்.

நம் ஓட்டல் தட்டில் இருக்கும் சால்மன் பெரும்பாலும் பண்ணை மீன். இன்று சுஷி என்றதும் கண்ணில் வரும் அந்த ஆரஞ்சு நிற மீன் ஜப்பானியப் பழக்கமே இல்லை. புழுவுக்குப் பயந்து அவர்கள் தங்கள் கடல் சால்மனைப் பச்சையாகத் தின்றதில்லை. 1980களில் நார்வே தன் பண்ணை மீனை விற்க ஜப்பானுக்குப் படையெடுத்து, தீவனம் போட்டு வளர்த்ததால் இதில் புழு இல்லை என்று சொல்லிச் சொல்லிப் பழக்கிய பிறகுதான் சுஷியில் அது ஏறியது. ஆக, உறைந்த நார்வே சால்மன் மதுரைக்கு வருவதில் கேவலம் ஒன்றுமில்லை. கெடுவது அதற்குப் பிறகுதான். பெருநகரக் குளிர்கிடங்கிலிருந்து இங்கே வருவதற்குள் ஒருதரம் இளகி மறுபடி உறைந்தால், உள்ளே பனித்துகள் பெரிதாகித் தசையைக் கிழித்துவிடும். கடைசியில் இளக்கும்போது நீர் ஓடிப்போகும். தட்டின் அடியில் மீன் வடித்த தண்ணீர் தேங்கியிருந்தால், சதை சொதசொதவென்று இருந்தால், அதுதான் கதை. அவசரத்துக்குத் தண்ணீர்க் குழாயடியில் வைத்து இளக்கினாலும் இதே கதிதான்.

அப்போது தூத்துக்குடிச் சூரையையே போடலாமே என்று கேட்கலாம். மீன் நல்ல மீன்தான், கையாள்வதுதான் சிக்கல். சூரையின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் அதிகம். பிடித்த உடனே ரத்தம் வடித்து, பனிக்கட்டியில் முழுக்கப் புதைக்காவிட்டால் நுண்ணுயிரிகள் அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். சாப்பிட்டால் முகம் சிவக்கும், உடம்பு தடிக்கும், அரிக்கும். ஒருதரம் உண்டான ஹிஸ்டமின் கொதிக்க வைத்தாலும் போகாது. "சூரை நமக்குச் சேராதுப்பா" என்று வீட்டில் ஒதுக்குகிறார்களே, பாவம், பல நேரம் குற்றம் மீனுடையது அல்ல, ஐஸ் போடாத படகினுடையது. இதே சூரையை அவித்துப் புகையிட்டுக் காயவைத்த மாசியைக் காயல்பட்டினம், கீழக்கரை வீடுகளில் இடித்துச் சம்பல் செய்வார்கள். ஜப்பானியர் ரசத்துக்கும் சூப்புக்கும் அடிப்படையாக வைத்திருக்கும் கட்சுவோபுஷியும் சூரை இனத்து மீனைப் புகையிட்டுக் காயவைத்ததுதான். 1913இல் ஐனோசினேட்டின் ருசியை ஜப்பானிய வேதியியலாளர் கோதாமா அடையாளம் கண்டது அந்தக் கட்சுவோபுஷியிலிருந்துதான். மதுரை ஓட்டல்காரர் யாராவது நோரி சூப்பில் ஒரு துண்டு மாசியைப் போட்டுப் பார்த்தால் நான் முதல் ஆளாகப் போய் உட்காருவேன்.

ஒன்றை மட்டும் விளையாட்டுக்கும் செய்யக் கூடாது. கண்மாய் மீன், ஆற்று மீன் எதையும் பச்சையாகத் தொடக் கூடாது. நன்னீர் மீனில் ஈரல் புழுக்கள் இருக்கலாம். வடகிழக்குத் தாய்லாந்தில் பச்சை ஆற்று மீன் தின்னும் பழக்கத்தால் பித்தநாளப் புற்றுநோய் பரவலாக இருப்பது மருத்துவ உலகம் நன்கறிந்த சங்கதி.

தட்டின் ஓரத்தில் வசாபி என்று வைக்கும் காரமான பச்சை உருண்டையைப் பற்றி ரொம்பச் சொல்ல வேண்டியதில்லை. வசாபிச் செடி குளிர்ந்த ஓடைத் தண்ணீரில் வளர்வது, விலை உசத்தி, துருவிய பதினைந்து இருபது நிமிஷத்தில் காரம் இறங்கிவிடும். உலகம் முழுக்க ஓட்டல்களில் தருவது பெரும்பாலும் ஹார்ஸ்ராடிஷ் கிழங்கும் கடுகும் பச்சை நிறமும் கலந்த பசை. அதைச் சோயா சாஸில் கரைத்துக் குழப்பி, சோற்றுப் பக்கமாக முக்கி எடுத்தால் சோறு சாஸைக் குடித்து உடைந்துபோகும். மீன் பக்கத்தை லேசாகத் தொட்டால் போதும். நண்டு என்று மெனுவில் இருக்கும் சிவப்புக் குச்சியில் பெரும்பாலும் நண்டு கிடையாது. அது 1970களில் ஜப்பானில் வந்த சரக்கு, வெள்ளை மீனை அரைத்துப் பிடித்து நிறமேற்றியது.

இவ்வளவு நுணுக்கம் சொன்னதால் சுஷி ஏதோ அரண்மனைச் சாப்பாடு என்று நினைத்துவிட வேண்டாம். இன்று நாம் பார்க்கும் வடிவம், சோற்றுப் பிடியின் மேல் மீன் துண்டு வைத்த நிகிரி, 1820களை ஒட்டி எடோவில், அதாவது இன்றைய டோக்கியோவில், தெருக்கடையில் பிறந்தது. ஹனாயா யோஹெய் என்பவர் பெயரைச் சொல்வார்கள். வேலைக்குப் போகிறவன் நின்றபடியே இரண்டு வாங்கி வாயில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டும் தீனி. குளிர்பெட்டி இல்லாத காலம், அதனால் மீனைச் சோயாவில் ஊறவைத்தோ வினிகரில் போட்டோ உப்பிட்டோதான் வைத்தார்கள். இன்று கொள்ளை விலை விற்கும் சூரையின் கொழுத்த வயிற்றுப் பகுதியைப் பூனைகூடச் சீந்தாது என்று ஒதுக்கிய காலம் அது. 1958இல் ஒசாகா பக்கம் ஷிராய்ஷி யோஷியாகி என்பவர் பீர் தொழிற்சாலையில் புட்டிகள் நகர்ந்து வருவதைப் பார்த்து, சுஷித் தட்டுகளைப் பட்டையில் ஓடவிட்டார். சாமானியர்களுக்கு சுஷி மறுபடி எட்டும் விலைக்கு வந்தது. மலிவான கடையானாலும் தட்டு ஓயாமல் காலியாகிக்கொண்டே இருந்ததால் ருசி தப்பித்தது.

விலை உசந்த கடைக்குப் போனால் ஏமாற்றமே இருக்காது என்றும் இல்லை. டோக்கியோ கின்சாவில் பேர்பெற்ற சுஷி மாஸ்டர் ஜிரோ ஓனோவின் கடை, நிலத்தடியில் பத்தே இருக்கை. உணவகங்களுக்கு நட்சத்திரம் கொடுத்துத் தரம் பிரிக்கும் மிஷெலின் கையேடு டோக்கியோவுக்கு முதன்முதலாக 2007இல் வந்தபோதே மூன்று நட்சத்திரம் வாங்கியது. பொதுமக்கள் நேரடியாக இடம் பதிய முடிவதில்லை என்பதால் 2019இல் அந்தக் கையேடு கடையைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. அங்கே இருபது துண்டு அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். வெளியூரிலிருந்து போனவர்கள் பலர் "பேசக்கூட விடாமல் அனுப்பிவிட்டார்கள்" என்று அலுத்துக்கொண்டது உண்டு. ஆனால் அந்த வேகத்துக்குப் பின்னால் சோற்றின் சூடு இருக்கிறது. பிடித்துக் கொடுத்ததும் வாயில் போட வேண்டும், போட்டோ எடுக்க நின்றால் பண்டம் இறங்கிவிடும்.

நம் ஊர் உயர்தர ஓட்டலில் கணக்கு தலைகீழ். மெத்தை நாற்காலி, மங்கலான விளக்கு, இரண்டு மணி நேரம் உட்கார இடம், புகை விடும் தட்டு, எல்லாம் கிடைக்கும். கொடுக்கிற காசு அதற்கெல்லாம் போகிறது. ஓட்டல் தொழிலில் பொதுவாக விலையில் மூன்றில் ஒரு பங்கு சரக்குக்கு என்பார்கள். மீதி வாடகை, சம்பளம், கரண்ட், அலங்காரம். சரக்குக்கான அந்தப் பங்கிலும் மீன் விற்காமல் வீணாகும் நஷ்டம் சேர்கிறது. ஆள் வராத செவ்வாய்க்கிழமை குப்பைக்குப் போன சால்மனின் விலையை சனிக்கிழமை வருகிறவர் கட்டுகிறார்.

போகத்தான் வேண்டும் என்றால் சனி, ஞாயிறு ராத்திரி கூட்டம் இருக்கும் நேரத்தில் போங்கள். "தம்பி, சோறு எப்ப போட்டீங்க, ஃபிரிட்ஜ்ல வச்சதா?" என்று கூச்சப்படாமல் கேளுங்கள். இட்லி மாவு என்றைக்கு ஆட்டியது என்று கேட்கிற ஊர்தானே. சமையல்காரர் கண்ணெதிரே நின்று பிடிக்கும் கவுண்டர் இருந்தால் மேசையை விட்டுவிட்டு அங்கே உட்காருங்கள். பத்து வகை அடுக்கிய பெரிய தட்டை வாங்க வேண்டாம், அதில் பாதி முன்னாடியே சுற்றி வைத்ததாகத்தான் இருக்கும். அவித்த இறால் வைத்த நிகிரி, இனிப்பு முட்டை, வெள்ளரி ரோல் இந்த மூன்றும் ஜப்பானிலும் உள்ளவைதான், பச்சை மீனைக் குளிர் விடாமல் கொண்டுவரும் ஏற்பாடு எதையும் நம்பி இல்லை. இவற்றிலேயே சோறு சரியில்லை என்றால் சால்மனுக்குப் போகவே வேண்டாம், மாவில் தோய்த்துப் பொரித்த டெம்புரா ஒன்று சொல்லிச் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடலாம். மேயோவும் ஷெஷ்வான் சாஸும் வழியும் பொரித்த ரோலைப் பிடித்திருந்தால் தாராளமாகச் சாப்பிடலாம். ஆனால் அந்த ருசிக்கு அந்த விலை எனக்குக் கட்டாது.

கடைசியில் பில். தனியாக இருக்கும் உணவகத்தில் ஜிஎஸ்டி 5 சதவீதம். ஒரு நாள் அறை வாடகை 7,500 ரூபாய்க்கு மேல் வாங்கும் ஓட்டலுக்குள் இருக்கும் உணவகம் என்றால் 18 சதவீதம். ஒரே ரோலுக்கு இரண்டு இடத்தில் இரண்டு மாதிரி பில் வருவது இதனால்தான், அதில் ஓட்டல்காரரோடு சண்டை போட ஒன்றுமில்லை. கேள்வி கேட்க வேண்டியது சர்வீஸ் சார்ஜ் என்று 5, 10 சதவீதம் தனியாகப் போட்டிருந்தால். அது வரி அல்ல. கேட்காமல் அதைப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் விதித்தது, டெல்லி உயர்நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதிசெய்தது. எடுத்துவிடச் சொல்லலாம். மறுத்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். பெரும்பாலும் அந்த எண்ணைச் சொன்னதுமே, "இருங்க சார், மேனேஜர்ட்ட கேட்டுட்டு மாத்தித் தர்றேன்" என்று பில்லை எடுத்துப் போய்விடுவார்கள்.